நான்காம் மனுதாரர்

நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. எழுபது வயது வக்கீல்கூட வந்து, "அக்கா, இதுல நாலு காப்பி" என்று நீட்டியபோது முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. ஊருக்கே அக்காவாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, யாரும் வம்புக்கு வரமாட்டார்கள்.

கடையில் இரண்டு இயந்திரங்கள். பெரியது காலையில் சூடேறப் பத்து நிமிடம் எடுக்கும். மழைநாளில் காகிதம் ஈரம் வாங்கி உள்ளே சிக்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கட்டையும் சீட்டுக்கட்டுப் போல விசிறிவிட்டுத்தான் அவள் தட்டில் அடுக்குவாள். முதலாளி நல்ல மனிதர், ஒரே ஒரு கண்டிப்பு: "கண்ணு காகிதத்தோட ஓரத்துல இருக்கணும், எழுத்துல இருக்கக் கூடாது. இங்க வர்றது அடுத்தவங்க வீட்டு ரகசியம்." பதினான்கு வருஷமாக அவள் அந்தச் சொல்லைத் தாண்டியதில்லை. எத்தனையோ பேருடைய சண்டைகள் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன. ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. புருஷன் தன்னுடையதைத் தருகிறேன் என்றான், ரத்தம் சேரவில்லை. கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது. கடைசியில் கொடுத்தது யாரும் எதிர்பார்க்காத ஆள், நாத்தனார்.

நாத்தனார் என்றால் எப்படி இருப்பாள் என்று கேள்விப்பட்டிருப்போம். இந்த நாத்தனாரும் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. துவைத்த துணியை இப்படியா காயப்போடுவது, சோறு ஏன் இப்படிக் குழைகிறது, தம்பி ஏன் இளைத்திருக்கிறான் என்று வந்தபோதெல்லாம் கேட்பாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சொந்தமாக ஒரே ஒரு கார் வைத்து ஓட்டுநர் பயிற்சி கொடுத்தாள். அவள் "ப்ரேக்!" என்று போடும் சத்தத்தில் அடுத்த தெருவில் போகிற வண்டிகூட நிற்கும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரை வழிமறித்தாள். "என்னுது சேருமான்னு பாருங்க டாக்டர். ரெண்டு வச்சுக்கிட்டு நான் என்ன கடையா போடப் போறேன்?"

சேர்ந்தது. அன்றிலிருந்து அந்தச் சிறுநீரகத்துக்கு வீட்டில் தனி மரியாதை. குழம்பில் உப்புக் கொஞ்சம் ஏறினால், "என் பொருளைக் கெடுக்கப் பாக்குறியா?" என்பாள் நாத்தனார். மத்தியானம் போன் செய்து, "தண்ணி குடிச்சியா? வாடவிட்டுடாதடி" என்பாள். சண்டை முற்றினால், "எடுத்துக் குடுத்துடு, நான் போறேன்" என்று கையை நீட்டுவாள். மறு வருஷமே அவள் தம்பி, அதாவது இவளுடைய புருஷன், தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டான். பத்து நாள் துணைக்கு இருக்கலாம் என்று வந்த நாத்தனார் எட்டு வருஷமாகப் போகவில்லை.

காலை எட்டுக்கு இரண்டு மாத்திரை, இரவு எட்டுக்கு இரண்டு. உயிர் உள்ளவரை அதை விடக் கூடாது. உடம்புக்கு நன்றி என்பது கிடையாது. ஒன்பது வருஷம் உழைத்துப்போட்ட சிறுநீரகத்தை அது இன்னும் அந்நியன் என்றே நினைக்கிறது. நாலு நாள் மாத்திரை நின்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அந்த மாத்திரையை அவளுடைய சம்பளத்தில் வாங்க முடியாது. புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலையின் மருத்துவக் காப்பீட்டில் அவள் பெயர் இருந்ததால் அது வந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு வரி உண்டு. தொழிலாளி இறந்தால் அவர் மனைவிக்குச் சலுகை தொடரும், அவர் மறுமணம் செய்துகொள்ளும் வரை.

அந்த ஒரு வரிதான் லிஃப்ட்காரரை ஆறு வருஷம் காக்கவைத்தது.

லிஃப்ட்காரர் நீதிமன்றத்தில் லிஃப்ட் இயக்குபவர். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயசைத் தாண்டியவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு வருவார். நகல் எடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. தன் அடையாள அட்டையையே பதினேழு முறை நகல் எடுத்திருக்கிறார். பதினெட்டாவது முறை அவளே கேட்டுவிட்டாள். "இவ்வளவு காப்பி எடுத்து யாருக்குங்க குடுக்கிறீங்க?"

"குடுக்கத்தான் ஆள் தேடுறேன்" என்றார் அவர், காது சிவந்து.

அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த வரியைச் சொன்னாள். வேறு காப்பீடு எடுக்கலாம் என்றால், மாற்றுச் சிறுநீரகம் உள்ளவள் என்று கேட்டதும் ஒவ்வொரு நிறுவனமும் விண்ணப்பத்தை மேசையின் இந்தப் பக்கத்துக்கே திருப்பித் தள்ளியது. ஏற்கெனவே நோய் இருப்பவர்களை அவர்கள் சேர்ப்பதில்லை.

லிஃப்ட்காரர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரிங்க. காத்திருக்கேன். உக்காந்து காத்திருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுக்குறாங்க."

போன வருஷம் ஒரு சட்டம் வந்தது. ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி யாருக்கும் மருத்துவக் காப்பீடு மறுக்கக் கூடாது, பாதியில் ரத்து செய்யக் கூடாது, அதற்காக அதிகக் கட்டணமும் வாங்கக் கூடாது என்றது சட்டம். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் காப்பீட்டு நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதற்குத் தடை வாங்கிவிட்டன. தடையை நீக்கச் சொல்லி, காப்பீடு மறுக்கப்பட்ட ஏழு பேர் சேர்ந்து இன்னொரு மனுப் போட்டார்கள். இரண்டும் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. எதிரே இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தன் தலையெழுத்து பேசப்படுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஏழு பேர் யார் என்று தெரியாது. அவர்களுடைய வக்கீலின் காகிதம் ஒன்றுகூட இந்தக் கடைக்கு வந்ததில்லை. அவருடைய குமாஸ்தா, கட்டைத் தூக்கிக்கொண்டு கடை வாசலைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி எங்கேயோ போவதை அவள் பார்த்திருக்கிறாள். நம் கடையில் அவருக்கு என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு வந்த அன்று பதினொன்றே முக்கால் மணிக்கு லிஃப்ட்காரர் சாலைக்குக் குறுக்கே ஓடி வந்தார். வேலை நேரத்தில் அவர் இருக்கையை விட்டு எழுந்ததே அன்றுதான் முதல் தடவை.

"செல்லும்!" என்றார் மூச்சிரைக்க. "சட்டம் செல்லும்னுட்டாங்க. தடையை எடுத்துட்டாங்க. மூணு நீதிபதியும் ஒரே வார்த்தை."

அவள் கையில் விசிறிக்கொண்டிருந்த காகிதக்கட்டு அப்படியே நின்றது. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"லிஃப்ட்டை யார் பாத்துக்கிறாங்க?" என்றாள்.

"ஐயோ" என்று அவர் திரும்பி ஓடினார்.

அரைமணி கழித்து அந்த ஏழு பேருடைய வக்கீலிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியர் பெண் கடைக்குள் வந்தாள். முகமெல்லாம் பல். "அக்கா, நூத்திப் பன்னிரண்டு பக்கம், நாப்பது செட்டு, ஸ்பைரல் போட்டுடுங்க. பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க." பெரிய இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பக்கங்கள் சூடாக வந்து விழுந்தன. பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக அவள் கண் ஓரத்தை விட்டு நடுவுக்குப் போனது. முதலாளி பார்த்தார், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. எழுபத்தோராம் பக்கத்தில் நின்றாள்.

"நான்காம் மனுதாரர் ஓட்டுநர் பயிற்சியாளர். தன் தம்பியின் மனைவிக்கு ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தவர். கொடை கொடுத்த பின், சுயதொழில் செய்யும் தனக்குக் காப்பீடு கேட்டு மூன்று நிறுவனங்களை அணுகியிருக்கிறார். உறுப்புக் குறைபாடு உள்ளவர் என்று கூறி மூன்றும் மறுத்துள்ளன. இதனால் அவர் தமது முழங்கால் அறுவை சிகிச்சையை நான்கு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வருகிறார். ஒருவர் செய்த கொடையையே அவருடைய குறையாக எழுதிவைப்பதை இந்த நீதிமன்றத்தால் ஏற்க முடியவில்லை."

அவள் அதை மூன்று முறை படித்தாள். இயந்திரம் தன்பாட்டுக்குப் பக்கங்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

நாலு வருஷமாக நாத்தனார் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். கேட்டால், "கிளட்ச் மிதிச்சு மிதிச்சு தேஞ்ச காலுடி. டாக்டர் இப்ப ஆபரேஷன் வேணாம்னுட்டார்" என்பாள். வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு தளத்திலும் நின்று, சாவியைத் தேடுவது போலப் பையைத் துழாவுவாள். சாவி தேடுகிறாள் என்றே இவளும் நம்பினாள்.

"இது... இந்த நாலாவது ஆள் யாரும்மா?" என்று ஜூனியரிடம் கேட்டாள்.

"அவங்களா? பயங்கரமான ஆளுக்கா. எங்க சார்கிட்டயே, 'எந்தக் கடையில வேணா காப்பி எடுங்க, எதிர்க்கடையில மட்டும் எடுத்தீங்க, கேஸை வாபஸ் வாங்கிடுவேன்'னு மிரட்டி வச்சிருக்காங்க..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் எதிர்க்கடையை மறந்துவிட்டிருந்தாள், பாவம்.

நாற்பது செட்டையும் முதலாளி தானே முடித்துக் கொடுப்பதாகச் சொல்லி அவளை அனுப்பினார். வாசலில் லிஃப்ட்காரர் சாப்பாட்டு இடைவேளைக்கு வந்துகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"பதினோரு தடவை மூணாம் மாடிக்குக் கொண்டு போயிருக்கேன்" என்றார் தலையைக் குனிந்து. "ஒவ்வொரு தடவையும் சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் இறங்குவாங்க. உங்க அண்ணி பேச்சை மீற எனக்குத் தைரியம் ஏதுங்க?"

கோபித்துக்கொள்ள நேரமில்லை. அவள் பஸ் பிடித்து, ஊருக்கு ஓரமாக இருந்த வெட்டவெளி மைதானத்துக்குப் போனாள். அங்கேதான் நாத்தனார் ரிவர்ஸ் சொல்லிக்கொடுப்பாள். ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே வண்டி கோணலாக நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு பல் டாக்டர். ஊரில் பாதிப் பேருக்கு வாயைத் திறக்க வைத்தவர், நாத்தனாருக்கு எதிரே வாயே திறக்காமல் வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் நாத்தனார். பயிற்சி வண்டி என்பதால் அந்தப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு ப்ரேக் உண்டு.

அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"நான்காம் மனுதாரர் இருக்காங்களா?"

நாத்தனார் திரும்பவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்தாள். "எவன் சொன்னான்? அந்த லிஃப்ட்டா?"

"அவர் வாயே திறக்கல. எழுபத்தோராம் பக்கம் சொல்லிச்சு."

"காகிதத்தைப் படிக்கக் கூடாதுன்னு உங்க முதலாளி சொல்லியிருக்காருல்ல? வேலை செய்யற இடத்துல ஒழுங்கா இருக்க வேணாம்?"

"அண்ணி!"

இந்தக் குரலை நாத்தனார் கேட்டதில்லை. பல் டாக்டரும் சேர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு வருஷம் அண்ணி. நாலு வருஷமா நொண்டிக்கிட்டு நம்ம வீட்டு மூணு மாடியும் ஏறியிருக்கீங்க. எனக்குக் குடுத்ததாலதான் உங்களுக்கு இல்லேன்னுட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா என்னடி பண்ணியிருப்பே? கழட்டித் திருப்பிக் குடுத்திருப்பியா?"

"அதுக்கில்ல..."

"அதுக்குத்தான். ராத்திரி தூங்காம, சாப்பிடாம, என் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்திருப்பே. அது என் கிட்னிக்கு ஆகாது. அதான் சொல்லல."

பல் டாக்டர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "மேடம், நான் வேணும்னா இறங்கி அந்தப் பக்கம் நிக்கட்டுமா?"

"இறங்கக் கூடாது. வண்டி கியர்ல இருக்கு. கிளட்ச்சை மிதிச்சபடி உக்காருங்க."

அவள் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குள் நன்றி சொல்லும் பழக்கம் நமக்குக் கிடையாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குடிப்போம், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அவள் சொல்லாததற்கு அது மட்டும் காரணமில்லை. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கியவளும் நன்றி என்கிறாள், ஊசி வாங்கியவளும் நன்றி என்கிறாள். உயிரை வாங்கியவள் அதே வார்த்தையை எப்படிச் சொல்வாள்? சின்னதாக இருந்தது அந்த வார்த்தை. ஆனாலும் வேறு வார்த்தை இல்லை.

"ரொம்ப நன்றி அண்ணி" என்றாள்.

"இதென்னடி, ஆபீஸ்ல லெட்டர் எழுதற மாதிரி..." நாத்தனாரின் குரல் பாதியில் எங்கோ வழுக்கியது.

அதைக் கேட்டுப் பதறியோ என்னவோ, பல் டாக்டர் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் பாய்ந்து ஒரு கூம்பைச் சாய்த்தது. நாத்தனார் பழக்கதோஷத்தில் இடது காலால் கிளட்ச்சையும் வலது காலால் ப்ரேக்கையும் ஓங்கி மிதித்து நிறுத்தினாள். "அம்மா!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எங்க வலிக்குது அண்ணி?"

"கால்லதான். வேற எங்க வலிக்கும்?" என்றாள் நாத்தனார், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. இவளும் பின்னால் இருந்து அழுதாள். பல் டாக்டர் டேஷ்போர்டில் இருந்த டிஷ்யூ பெட்டியை இரண்டு பேருக்கும் மாறி மாறி நீட்டினார். அன்றைய வகுப்புக்கு நாத்தனார் அவரிடம் பணம் வாங்கவில்லை.

மேல் நீதிமன்றத்துக்குப் போவோம் என்று நிறுவனத்தார் முதலில் சொன்னார்கள். அதற்கான கெடு முடியும்வரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண் பட்டுவிடும் என்பது போல எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். கெடு முடிந்தது, அவர்கள் போகவில்லை. மறுவாரமே நாத்தனாரை மூன்றாவதாக மறுத்த நிறுவனத்திலிருந்து அதே முகவர் வீடு தேடி வந்தார். முன்பு வெளியே நிற்கவைத்துப் பேசியவர் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, "மேடம், ஒரே ஒரு கையெழுத்து" என்றார்.

"உறுப்புக் குறைபாடுன்னு எழுதற கட்டம் எங்க?" என்றாள் நாத்தனார்.

"அதை எடுத்துட்டோம் மேடம்."

"ஏன் எடுத்தீங்க? ஆசையா நிரப்பலாம்னு இருந்தேனே."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீயைக் குடித்து முடித்தார். அன்று அவர் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தாம் மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. இந்த முறை கட்டிலில் நாத்தனார், பக்கத்து நாற்காலியில் அவள். ஒன்பது வருஷத்துக்கு முன் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டாம் நாளே நடக்கவைக்க பிசியோதெரபிஸ்ட் வந்தார். "மெதுவா, காலை மடக்கி, நீட்டி..." என்று அவர் ஆரம்பித்ததும், "தம்பி, கால் எப்போ மடக்கணும் எப்போ நீட்டணும்னு இருபத்தாறு வருஷமா நான் ஊருக்குச் சொல்லிக்குடுக்கிறேன்" என்றாள் நாத்தனார். ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தாள். வலியில் இவள் தோளை இறுக்கிய இடத்தில் நாலு விரலும் பதிந்து இரண்டு நாள் நீலமாக இருந்தது. அதைக் கண்ணாடியில் பார்க்கும்போது அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அண்ணி அவள்மேல் சாய்ந்தது அதுதான் முதல் முறை.

அவளுடைய புதுக் காப்பீட்டில் முதல் மாத மாத்திரை கைக்கு வந்து, அதை இரண்டு வேளை விழுங்கியும் பார்த்த பிறகுதான் அவள் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினாள். நாலு வரிதான். ஆனால் எழுத ஒரு வாரம் ஆயிற்று. புருஷன் விட்டுப்போன கடைசிப் பொருளைத் தானே வேண்டாம் என்று எழுதுவது போல இருந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த நாத்தனார், "அவன் உன்னை உயிரோட வச்சுக்கத்தான் குடுத்தான். கட்டிவச்சுக்க இல்ல. எழுது" என்றாள். எழுதினாள். எட்டு வருஷம் என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி, நான் மறுமணம் செய்துகொள்கிறேன், இனி என் பெயரை எடுத்துவிடலாம். அங்கே இருந்த நலத்துறை அலுவலர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "இந்த வேலைக்கு வந்து பன்னெண்டு வருஷம்மா. எங்களுக்குப் புகார்தான் வரும். உங்க லெட்டரை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். உங்க வீட்டுக்காரரோட வேலை பாத்தவங்க ரெண்டு பேரு, 'நல்லா இருக்கட்டும்'னு சொல்லச் சொன்னாங்க."

இவ்வளவும் ஆன பிறகு லிஃப்ட்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "இப்ப நிஜமாவே பண்ணிக்கணுங்களா?" என்று கடையில் வந்து கேட்டார். "இல்ல, ஆறு வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தேனா, சரின்னா என்ன பண்ணணும்னு யோசிக்கவே இல்ல."

"பதிவாளர் ஆபீஸ் ரெண்டாம் மாடி. அங்க லிஃப்ட் வேற ஆள் ஓட்டுவாரு. நீங்க சும்மா நின்னா போதும்" என்றாள் அவள்.

பதிவாளர் அலுவலகத்தில் முதலாளியும் பல் டாக்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது சாட்சி நாத்தனார். பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"பொண்ணு வீடு."

"என்ன உறவு?"

"நாத்தனார்."

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளையோட அக்காவா?"

"இல்ல. இவளோட முதல் புருஷனுக்கு அக்கா."

"அப்ப இந்தக் கல்யாணத்துக்கு நீங்க..."

"இவளைப் பாதி நான்தான் செஞ்சேன். எழுதிக்குங்க" என்றாள் நாத்தனார். பதிவாளர் சற்றுத் தயங்கி, 'குடும்பத்தார்' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சாப்பிடப் போகலாம் என்றார் லிஃப்ட்காரர். "அதுக்கு முன்னாடி ஒரு இடத்துக்குப் போகணும்" என்று நாத்தனார் வண்டியை எடுத்தாள். போகிற வழியில்தான் சொன்னாள். ஏழு பேரில் ஆறாவது ஆள், சுவர்களில் விளம்பரம் எழுதும் ஒரு பெயிண்டர். இதய நோய் வந்ததும் பாதியில் காப்பீட்டை ரத்து செய்திருந்தார்கள். நீதிமன்ற பெஞ்சில் நாத்தனாருக்குப் பக்கத்தில்தான் உட்காருவாராம். தீர்ப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். "நடக்க முடிஞ்சதும் அந்த வீட்டுக்குப் போகணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

பெயிண்டரின் மனைவி வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுப்பவள். மேசையில் அடுக்கிய சட்டைகளுக்கு நடுவே அவர்களுக்கு இடம் ஒதுக்கினாள். அவள் வயதும் ஐம்பது சுமார்தான் இருக்கும். ஜெராக்ஸ் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தான் யார், தீர்ப்பினால் தனக்கு என்ன ஆயிற்று, இன்று என்ன நாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது குற்றவாளி போலக் கூச்சமாக இருந்தது. "அவர் கையெழுத்தும் அந்த மனுவுல இருந்துச்சுங்க. அதைச் சொல்லத்தான் வந்தோம்."

பெயிண்டரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"நீங்கதானே அந்த கால் வலிக்காரம்மா? கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தா உங்களைப் பத்தித்தான் பேசுவாரு. அந்தம்மா கோர்ட் வாசப்படி ஏற முடியாம திட்டிக்கிட்டே ஏறுது, கேஸ் ஜெயிச்சா அது நடக்கிறதைப் பாக்கணும்னு சொல்லுவாரு." சட்டைகளை ஓரமாகத் தள்ளிவைத்து, "நடந்து காட்டுங்களேன்" என்றாள்.

யார் சொன்னாலும் எதையும் உடனே செய்யாதவள் நாத்தனார். மறுபேச்சில்லாமல் எழுந்தாள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் இருந்த பெயிண்ட் டப்பாக்களைச் சுற்றி ஜன்னல்வரை நடந்தாள். திரும்பி வந்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் பெயிண்டரின் மனைவி.

நாத்தனார் இன்னொரு தடவை நடந்தாள்.